முப்பத்துநாலுக்கு முப்பது

வாஷ்பேசின் பலகை மூன்றடி அகலம் என்று சந்திரமதி இரண்டாவது தடவையாகச் சொன்னாள். கண்ணாடிக் கடை ஜாபர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் கிடந்த அட்டையில் மூன்று என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார், அதைப் பார்க்க அவளுக்கு என்னவோபோல் இருந்தது, வட்டம் போடுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது, குளியலறையில் பேசினுக்கு மேலே மாட்டுகிற கண்ணாடி, எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதானே, ஏன் இவ்வளவு பெரிதாக வாங்கினாய் என்று யார் வந்து கேட்கப்போகிறார்கள், கேட்டால் கடைக்காரர் சொன்ன அளவு என்று சொல்லிவிடலாம், கடைக்காரர் இன்னும் அளவே சொல்லவில்லை. பாலக்கரையில் அந்தத் தெரு முழுக்கக் கண்ணாடிக் கடைதான். ஜாபர் கடையில் சுவர் நெடுகச் சாய்த்து வைத்திருந்தார்கள், ஒன்றில் அவளுடைய இடுப்பு மட்டும் தெரிந்தது, இன்னொன்றில் முட்டியும் சேலைக் கொசுவமும், தலையில்லாத யாரோ ஒருத்தி கடைக்குள் உலாத்துகிற மாதிரி, முகம் எதிலும் படவில்லை, படாதவரைக்கும் நல்லது என்று நினைத்தவள் உடனே அப்புறம் எதற்கு இங்கே வந்து நிற்கிறாய் என்றும் நினைத்தாள். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவள் கணவர் இளங்கோவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனார், சின்னதா ஒண்ணு வாங்கு, ஷேவ் பண்றதுக்கு மூஞ்சி தெரிஞ்சா போதும், உசரமா மாட்டிக்கலாம், அம்மா கண்ணுல படாம. அம்மா என்றால் அவருடைய அம்மா தனபாக்கியம். மூன்று வருடமாக நினைவு தப்பிப்போன கிழவி, இளங்கோவன் வந்து முன்னால் நின்றால் அண்ணா என்பாள், சந்திரமதியை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் சொன்னதற்கு இவள் சரி என்றுதான் சொன்னாள். சரி என்று சொன்னதை அவர் கேட்டாரா என்பதுகூடச் சந்தேகம், அதற்குள் வண்டியை உதைத்துவிட்டார்.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது. ஜாபர் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து துணியால் துடைத்து நீட்டினார், ஒன்றரை அடிக்கு ஓரடி, ஓரத்தில் பூ செதுக்கியது, அதில் அவள் முகம் வந்தது, நெற்றியும் காதும் வெட்டுப்பட்டு நடு முகம் மட்டும், ஐம்பதை நெருங்கும் முகம், மூக்கின் இரண்டு பக்கமும் கறுத்த படை. முப்பது வருடமாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கருமண்டபத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக் குளியலறையில் சிவப்பு பிளாஸ்டிக் சட்டம் போட்ட கண்ணாடி, ரசம் போய் நடுவில் ஒரு கறுப்புத் தீவு, பொட்டு வைக்க வேண்டுமென்றால் அந்தத் தீவுக்கு மேலே எக்க வேண்டும். பாக்கறதுக்கு என்ன இருக்கு. இந்த ஒரு வாக்கியம் மட்டும் மாமியாரின் குரலோடேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அந்தக் குரல் இப்போது மாமியாரிடமே கிடையாது, இப்போது அவளுக்கு இருப்பது கோழிக்குஞ்சுக் குரல், ஆனால் இவளுக்குள் மட்டும் அந்தப் பழைய குரல் வெற்றிலைச் சிவப்போடு அப்படியே இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்பா தேக்கில் செய்து கொடுத்த கண்ணாடி மேசை, ஆள் உயரக் கண்ணாடி, கீழே மூன்று இழுப்பறை, லாரியிலிருந்து இறக்கும்போது தெருவே வேடிக்கை பார்த்தது. எட்டு மாதம்தான் அது அவள் அறையில் இருந்தது. நாத்தனார் மங்கைக்குக் கல்யாணம் கூடியபோது ஒரு நாள் சந்தைக்குப் போய்விட்டு வந்தாள், அறையில் மேசை இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக நீள்சதுரமாக இருந்தது. வளையலும் ஊசியும் பௌடர் டப்பாவும் ஒரு முறத்தில் கொட்டிக் கட்டில் மேல் வைத்திருந்தது. மங்கைக்குக் குடுத்தாச்சு, உனக்கெதுக்கு அம்மாம் பெரிய கண்ணாடி, பாக்கறதுக்கு என்ன இருக்கு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, புளி விலை சொல்கிற மாதிரி. அன்றைக்கு ராத்திரி இளங்கோவனிடம் சொன்னபோது அவர், விடேன், பீரோவுல ஒரு கண்ணாடி இருக்குல்ல என்றார். இருந்தது. பீரோ மாமியார் அறையில் இருந்தது.

"இது போதுமாம்மா, இல்ல பெரிசா பாக்கறீங்களா?"

"பெருசுன்னா எவ்வளவு வரும்?"

"பலகை மூணடிங்கறீங்க. அதுக்குச் சமமா வச்சா நல்லா இருக்காது, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்சு உள்ள தள்ளி முப்பத்திநாலு வைக்கலாம். அது அகலம். உசரந்தான் ஆளைப் பொறுத்தது. வீட்ல ரொம்ப உசரம் யாரு?"

"வீட்டுக்காரர்."

"குட்டை?"

சந்திரமதி ஒரு கண்ணாடியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள், அது சாணை பிடிக்காத விளிம்பு, தொடாதீங்கம்மா கிழிச்சிடும் என்றார் ஜாபர். கையை இழுத்துக்கொண்டாள். குட்டை யார் என்றால் மாமியார்தான், முன்னெல்லாம் இவளைவிட உயரம், இவள் தலைக்கு மேலாகவே பார்த்துப் பேசுவாள், மூன்று வருடத்தில் கூன் விழுந்து வற்றி இவள் தோளுக்கு வந்துவிட்டாள்.

"மாமியார்" என்று சொல்லித் தன் தோளில் கை வைத்துக் காட்டினாள். "இந்த உசரம் இருப்பாங்க."

"அப்ப முப்பதாவது வேணும். கீழ் விளிம்பு பலகைக்கு நாலு விரக்கடை மேல நிக்கணும், அப்பத்தான் அவங்க மொகம் அவங்களுக்குத் தெரியும். வயசானவங்களை எக்க வைக்கக் கூடாது பாருங்க" என்றார் ஜாபர். பொறுமையான மனிதர். அட்டையில் ஒரு கோடு கிழித்து அதன்மேல் தலையும் கூனலுமாக ஒரு சின்ன உருவம் வரைந்து, உருவத்தின் கண்ணிலிருந்து கண்ணாடிக்கு ஒரு கோடு இழுத்தார். மாமியாரை அவருக்குத் தெரியாது. எங்கே நின்றால் அவளுக்கு முகம் தெரியும் என்று அவ்வளவு அக்கறையாகக் கோடு போட்டார்.

மழைக்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. மாமியார் அறையிலிருந்து ஒரு சத்தம், நாய்க்குட்டியின் காலை மிதித்தால் வருமே அந்த மாதிரி, ஓடிப்போய்ப் பார்த்தால் தனபாக்கியம் பீரோவுக்கு எதிரே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், பீரோக் கண்ணாடியைக் காட்டி, யாரு அவ, எம் புடவையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா, வெளிய போகச் சொல்லு. அது நீங்கதான் அத்தை என்று இவள் சொன்னதும் இன்னும் கத்தினாள். டாக்டர், இந்த நோயில் சில பேருக்கு அப்படித்தான், தன் முகம் தனக்குத் தெரியாது, கண்ணாடியை எல்லாம் மூடி வைத்துவிடுங்கள் என்றார். இளங்கோவன் அன்றைக்கே காலண்டர் தாளைக் கிழித்துப் பசை தடவி பீரோவை மூடினார், இப்போது பீரோ முழுக்க லட்சுமியும் பிள்ளையாரும். அதற்கப்புறம் சத்தம் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. ராத்திரி கேட்டைப் பிடித்து ஆட்டுவது, சோற்றில் மருந்து வைத்திருக்கிறாய் என்று தட்டைத் தள்ளிவிடுவது, சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் இன்னும் சோறே போடவில்லை என்று தெருவில் போகிறவர்களிடம் சொல்லுவது. மகள் புனேயில், கணவர் ஆபீசில், வீட்டில் பகல் முழுக்க இரண்டே பேர். சமயபுரம் போகிற வழியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது என்று மங்கைதான் பெங்களூரிலிருந்து கண்டுபிடித்துச் சொன்னாள், தான் பாதி தருவதாகவும் சொன்னாள். இளங்கோவன் யோசித்தார், மூன்று நாள் யோசித்தார், நான்காம் நாள் தோசையைப் பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார், அம்மா அவங்களா பாத்ரூம் போயிட்டு வர்ற வரைக்கும் இங்கதான், அதுவும் போச்சுன்னா அப்புறம் பாக்கலாம். அதுவும் போச்சுன்னா. அது போகவில்லை. எல்லாம் போய்விட்டது, மகன் பெயர் போய்விட்டது, செத்துப்போன கணவரைப் பற்றிய ஞாபகம் போய்விட்டது, ஆனால் சுவரைத் தடவிக்கொண்டே குளியலறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்து உட்கார்ந்து எழுந்து தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது மட்டும் போகவில்லை, ராத்திரி பகல் எந்நேரமும், ஒரு சொட்டுச் சிந்தாமல். தினமும் சந்திரமதி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரும். கிழவி ஜெயித்துவிட்டாள் என்று தோன்றும்.

அப்படி நினைப்பது பாவம் என்று தெரியாமல் இல்லை. ஆனால் அவள் எதையும் செய்யவில்லையே. குளியலறைத் தரை உடைந்தது அவளால் இல்லை, குழாய் கசிந்து ஓடு பெயர்ந்தது, எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போடலாம் என்று இளங்கோவன்தான் சொன்னார், கதவைத் திறந்ததும் நேர் எதிரே பேசின் வரட்டும் என்று சொன்னது குழாய் வேலை பார்க்கும் ஆரோக்கியம். அவள் சொன்னது பலகை மூன்றடி இருக்கட்டும் என்பது மட்டும். பேசினுக்கு மேலே கண்ணாடி இல்லாத வீடு உண்டா. ஒருத்தி தன் வீட்டில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளக்கூடாதா, பாக்கறதுக்கு என்ன இருக்கு, என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது முழுசாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டுமே. அவ்வளவுதான். கிழவி பயந்தால் அது நோய். கதவைத் திறந்து, எதிரே புடவை கட்டிய யாரோ ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, அப்புறம் அந்தக் கதவுப் பக்கமே போகமாட்டேன் என்று ஆகிவிட்டால் அதுவும் நோய். டாக்டரே சொன்னதுதான். நோய்க்கு யார் பொறுப்பு. இந்த இடத்தில் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் இடறியது, படியில் கால் வைக்கும்போது படி இல்லாமல் போகிற மாதிரி, பொறுப்பு என்றதும் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து நின்றது. அந்தச் செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டும்போது கிழவி இவள் முகத்தில் துப்பினாள். இவள் அவளுடைய கையின் உள்பக்கத்தில், அக்குளுக்குக் கீழே, சதை தொங்குகிற இடத்தில், இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். ஒரே ஒரு தடவை. கிழவி சத்தம் போடவில்லை, வாயை மட்டும் திறந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, இவள் வெந்நீரைக் கலக்காமல் பச்சைத் தண்ணீரையே தலையில் ஊற்றினாள். ஒரே ஒரு தடவைதான். ஞாயிற்றுக்கிழமை இளங்கோவன் அம்மாவுக்கு ரவிக்கை மாட்டிவிடும்போது, கையில என்ன இது, பச்சைப் பச்சையா இருக்கு என்று கேட்டார். கட்டில் கம்பி இடிச்சிருக்கும் என்றாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரவிக்கைக் கொக்கியைப் போட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போனார். பச்சைப் பச்சையாக என்றுதானே கேட்டார், ஒரு தடவைக்கு ஒரு பச்சைதானே இருந்திருக்கும். சந்திரமதி இந்தக் கணக்கைத் தொடரமாட்டாள், இதுவரைக்கும் வந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவாள், இப்போதும் திரும்பினாள், திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடி.

"முப்பத்திநாலுக்கு முப்பதே வெட்டுங்க" என்றாள்.

ஜாபர் தரையில் சாக்கை விரித்துப் பெரிய கண்ணாடி ஒன்றைக் கிடத்தி அளந்து, வைரத்தால் ஒரே இழுப்பு இழுத்தார். கிரீச் என்று அந்தச் சத்தம் அவளுடைய பல்லுக்குள் போனது. அழுத்தியதும் கண்ணாடி கோட்டோடு சொன்னபடி கேட்டுப் பிரிந்தது. அட்டையால் சுற்றிச் சணல் கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டார், ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கங்கம்மா, பள்ளத்துல சீட்டை விட்டுக் கொஞ்சம் எழும்பிக்குங்க. முழங்காலுக்கு நடுவே அதை நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரயில்வே பாலத்தில் ஆட்டோ குதித்தபோதெல்லாம் உடைந்தால் உடையட்டும், உடைந்தால் நல்லது, உடைந்துவிட்டால் சாயங்காலம் இளங்கோவனோடு போய்ச் சின்னதையே வாங்கிக்கொள்ளலாம், இதை யார் தீர்மானித்தது என்ற பேச்சே இருக்காது என்று ஒரு பக்கம் நினைப்பு ஓடியது. வாய் மட்டும், அண்ணே, மெதுவா போங்க, கண்ணாடி இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தது. கண்ணாடி உடையவில்லை. வீட்டில் ஆரோக்கியம் குழாய் முனையில் கசிவு அடைக்கும் நாடா சுற்றிக்கொண்டிருந்தான். மாமியார் அறையை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் அவள் கடைக்குப் போயிருந்தாள், தாழ்ப்பாளை எடுத்தபோது தனபாக்கியம் கட்டில் விளிம்பில் கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்து, பஸ் வந்துடுச்சா என்று கேட்டாள். இன்னும் வரலை என்றாள் சந்திரமதி.

ஆரோக்கியம் சுவரில் துளை போட்டான். இவ்வளவு பெருசு எதுக்குக்கா, ஐயா சின்னதுன்னு சொன்னாரே என்றான், கடையில சொன்ன அளவு என்றாள், அவ்வளவு சுலபமாக வந்தது. கீழ் விளிம்பு பலகைக்கு நாலு விரக்கடை மேலே. அதையும் சொன்னாள். அவன் மாட்டி முடித்து அட்டையைக் கிழித்ததும் குளியலறை இரண்டு மடங்காகிவிட்டது, இரண்டு குழாய், இரண்டு வாளி, அந்தப் பக்கத்துச் சன்னல், நடுவே அவள். முழுசாக, தலைமுடியிலிருந்து இடுப்பு வரை. அவள் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தாள். அழுகை வரும், அல்லது அப்பா ஞாபகம் வரும் என்று. எதிரே நின்றவள் ஒரு பொம்பளை, தடித்த கழுத்து, உள்ளே மடிந்த உதடு, யாரையோ பிடித்துத் திருகப்போகிற மாதிரி இரண்டு கையையும் வயிற்றின்மேல் கோத்திருந்தாள். கையைப் பிரித்துக்கொண்டாள். நல்லாருக்கு என்று ஆரோக்கியத்திடம் சொன்னாள். அவன் சாப்பிடப் போனான், இனி நாளைக்குத்தான் வருவான்.

ரசச் சோறு பிசைந்து ஊட்டினாள். நன்றாகப் பிசைந்தாள், பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டாள், இன்றைக்குப் பார்த்து ஏன் நெய் என்று அவளையே அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கிழவி தட்டைத் தள்ளவில்லை, குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு வாயாக வாங்கினாள், இவள் கை பக்கத்தில் வரும்போதெல்லாம் கண் ஒரு தடவை சிமிட்டியது, வந்து போனதும் சாதாரணமானது. இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். இன்னும் அரை டம்ளர் கொடுத்தாள். அப்புறம் கூடத்தில் நாற்காலியைக் குளியலறைக் கதவு தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். சாயங்காலக் குழம்புக்கு இத்தனை வெங்காயம் வேண்டாம். உரித்துக்கொண்டே இருந்தாள். சத்தம் வரும், வந்ததும் ஓடவேண்டும், ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளவேண்டும், விழுந்துவிடக்கூடாது, விழுந்து இடுப்பு எலும்பு போனால் இல்லத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள், சே, என்ன யோசனை இது, விழுந்தால் வலிக்கும் என்று நினைத்திருக்க வேண்டும், வலிக்கும் என்றுதான் நினைத்தாள், அது இரண்டாவதாக வந்தது அவ்வளவுதான். அப்புறம் என்ன, ஒரு மாதம் ஆகும், பெட்டியில் நாலு புடவை, பல்செட் டப்பா, தைலம். அந்த அறையைத் திறந்து காற்றாட விடலாம். பீரோவில் ஒட்டிய தாளைத் தண்ணீர் தொட்டு உரிக்கலாம். பகலில் தூங்கலாம், மூன்று வருடமாக அவள் பகலில் தூங்கவில்லை, தூக்கத்தை நினைத்ததும் கண் எரிந்தது, வெங்காயம்தான். அந்த இல்லத்தில் யார் குளிப்பாட்டுவார்கள். அங்கே இருப்பவர்கள் சம்பளத்துக்குக் குளிப்பாட்டுவார்கள், அவர்கள் முகத்தில் கிழவி துப்புவாள், அவர்களுக்கும் இரண்டு விரல் உண்டு. கட்டில் முனகியது. தரையில் கால் இழுபடும் சத்தம். தனபாக்கியம் அறை வாசலில் வந்து நின்று, சுவரில் கை வைத்து, இவளைப் பார்க்காமல், சுவரைத் தடவிக்கொண்டே போனாள். குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே போனாள்.

சத்தம் வரவில்லை. சந்திரமதி கத்தியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை. அப்புறம் பேச்சுக் குரல் கேட்டது, கிழவியின் குரல்தான், ஆனால் இத்தனை நாள் இவள் கேட்காத ஒரு குரல், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரியிடம் பேசுகிற மாதிரி தாழ்ந்து இதமாக. எழுந்து மெல்ல நடந்து கதவோரம் போனாள்.

"எப்ப வந்தே, ஒண்டியாவா வந்தே" என்று தனபாக்கியம் கண்ணாடியைக் கேட்டாள். பலகையைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். ஜாபர் போட்ட கோடு சரியாகவே இருந்தது, முழு முகமும் விழுந்தது. "இளைச்சுப் போயிட்டியே. சோறு போடறாங்களா? இங்க போடுவா. நல்லாத்தான் போடுவா. நீ சத்தம் மட்டும் போட்டுடாதே, என்ன?" கண்ணாடியில் இருந்தவளும் தலையாட்டினாள். கிழவிக்குச் சிரிப்பு வந்தது. பீரோக்காரியைக் கண்டு கத்தியவள் இவளைக் கண்டு பல்லில்லாமல் சிரித்தாள், சின்னப் பெண் மாதிரி.

இப்படி ஆகும் என்று சந்திரமதி நினைக்கவே இல்லை. இனிமேல் கிழவி எந்நேரமும் இங்கேயே வந்து நிற்பாள், சிநேகிதி கிடைத்துவிட்டாள், நூறு வயது இருப்பாள். ஓர் அடி முன்னால் வைத்துவிட்டாள். அகலமான கண்ணாடி, கதவோரத்தில் நின்றவளையும் இழுத்து உள்ளே போட்டது. கிழவியின் தோளுக்கு மேலே தன் முகம் எழும்புவதைச் சந்திரமதி பார்த்தாள். கிழவியும் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. உதடு கோணியது. திரும்பிப் பார்க்கவில்லை, கத்தவில்லை, கண்ணாடியில் தெரிந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, வலது கையால் இடது கையின் உள்பக்கத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள், நின்றபடியே புடவை நனைந்தது. புதுத் தரை ஓட்டில் அது வடிகாலை நோக்கி ஓடாமல் இரண்டு பக்கமும் பரவியது.

சந்திரமதி பின்னால் நகர்ந்து கூடத்துக்கு வந்தாள். போனை எடுத்தாள். இளங்கோவன் எடுத்ததும், "அத்தை நின்னபடியே ஒண்ணுக்குப் போயிட்டாங்க, பாத்ரூம்ல" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "கண்ணாடி பெருசா வாங்கிட்டியா?"

"கடையில சொன்ன அளவு."

"அதைப் பாத்துத்தான் பயந்திருப்பாங்க. சொன்னேன்ல. கழட்டிட்டுச் சின்னதா ஒண்ணு மாட்டிட்டா சரியாயிடும்."

சரியாகிவிடும். கழற்றிவிட்டால் சரியாகிவிடும், நாளையிலிருந்து மறுபடி சுவரைத் தடவிக்கொண்டு போவாள், தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வரும், இவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வாய் திறந்து ஒன்றைச் சொன்னால் போதும், அதைச் சொன்னால் கிழவி இந்த வீட்டில் ஒரு நாள்கூட இருக்க முடியாது, எந்த மகன் இருக்க விடுவான், ஆனால் அதைச் சொன்ன பிறகு அவரோடு எப்படி ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிடாவிட்டால் போகிறது. பகலில் தூங்கலாம்.

"கண்ணாடியைப் பாத்து இல்லைங்க" என்றாள். "கண்ணாடியில இருக்கறவகிட்ட சிரிச்சுப் பேசிட்டுத்தான் இருந்தாங்க. பின்னால நான் போய் நின்னேன். என்னைப் பாத்துத்தான் பயந்தாங்க. நான்… குளிப்பாட்டும்போது நான்…"

"தெரியும்" என்றார் இளங்கோவன்.

சந்திரமதி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா சொல்லியிருக்காங்க. ஆறேழு மாசம் இருக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்து மேசைக்காரருக்காக இருக்கும். "அதுக்கு என்ன பண்றது சொல்லு. உன்னை விட்டா யாரு பாப்பா. கோபத்துல ஒண்ணு ரெண்டு நடக்கறதுதான். இல்லத்துல போட்டா மட்டும் என்ன, அங்க வேற யாரோ செய்யப்போறாங்க, அதுக்குப் பணமும் குடுக்கணும், ஊரும் சிரிக்கும்." ஏதோ தாள்களைப் புரட்டும் சத்தம். "துடைச்சுவிட்டுப் புடவையை மாத்திவிடு. சாயங்காலம் வரும்போது சின்னக் கண்ணாடி நானே வாங்கிட்டு வரேன். சரியா?"

சரி என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

மாற்றுப் புடவையும் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். கதவுக்கு இரண்டடி முன்பே குரல் கேட்டு நின்றாள். தனபாக்கியம் கால்மிதியைத் தரையில் போட்டு அதன்மேல் ஒரு காலை வைத்து, பலகையைப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணாடியில் இருந்தவளுக்கும் மூச்சு வாங்கியது.

"எனக்குக் குனிய முடியலை" என்று அவளிடம் சொன்னாள். "நீ அந்தப் பக்கம் துடை, நான் இந்தப் பக்கம் துடைக்கிறேன். அவ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்."

சந்திரமதி கண்ணாடியில் விழாத இடமாகப் பார்த்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரும் துடைத்து முடிக்கட்டும் என்று நின்றாள்.